ஊர்க் கிளை நூலகத்தில் கண்காட்சியும் வாசிப்பு நிகழ்ச்சியும் நடத்த: முதன்முறை முயல்வோருக்கு ஒரு வழிகாட்டி

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் ஒரு நாள் நூல் கண்காட்சியும், அதையொட்டி மாலையில் ஒரு வாசிப்புக் கூட்டமும் நடத்த வேண்டும் என்று வாசகர்கள் நான்கு பேர் முடிவு செய்தோம். முடிவு செய்த நாளுக்கும் அது நடந்து முடிந்த நாளுக்கும் இடையே ஏழு மாதங்கள் ஓடிவிட்டன. அவற்றில் ஐந்து மாதங்கள் எங்கள் அறியாமையால் வீணானவை. கடிதத்தை எழுத வேண்டியவருக்கு எழுதவில்லை. நூலகத்துக்கு வார விடுமுறையான நாளைத் தேதியாகக் குறித்து முந்நூறு நோட்டீஸ் அச்சடித்துவிட்டோம். மறுபடி குறித்த தேதி தேர்தல் அறிவிப்புக்குப் பின்னால் விழுந்தது. இவற்றில் எதுவும் பெரிய சிக்கல் அல்ல. முன்பே தெரிந்த ஒருவர் அரைமணி நேரம் உட்கார்ந்து சொல்லியிருந்தால் இரண்டு மாதத்தில் வேலை முடிந்திருக்கும். அந்த அரைமணி நேரப் பேச்சாக இந்தக் கட்டுரையை எடுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே சொல்பவை தமிழ்நாட்டுப் பொது நூலகத் துறையின் கீழ் இயங்கும் கிளை நூலகங்களையும் ஊர்ப்புற நூலகங்களையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. மாவட்ட மைய நூலகங்களிலும், சென்னை கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரைக் கலைஞர் நூற்றாண்டு நூலகம் போன்ற பெரிய இடங்களிலும் அரங்குகளும் அவற்றுக்கான தனி நடைமுறைகளும் உண்டு. அங்கே நிகழ்ச்சிகள் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கின்றன. ஆளில்லாமல் கிடப்பது நம் தெருமுனை நூலகம்தான்.

1. முதலில் நீங்கள் உறுப்பினராகுங்கள்

நிகழ்ச்சி நடத்த வருகிறவர் அந்த நூலகத்தின் உறுப்பினராக இல்லாமலிருப்பது முதல் தடை. எங்கள் நால்வரில் இருவரிடம் உறுப்பினர் அட்டையே இல்லை. ஒருவருடைய அட்டை பல ஆண்டுகளாகப் புதுப்பிக்கப்படாமல் கிடந்தது. விண்ணப்பப் படிவம், முகவரிச் சான்றின் நகல், காப்புத்தொகை, ஆண்டுச் சந்தா ஆகியவை வேண்டும். தொகை, நூலகத்தின் வகையையும் ஒரே நேரத்தில் எத்தனை நூல்கள் இரவல் பெற விரும்புகிறீர்கள் என்பதையும் பொறுத்து மாறும். எங்கள் நூலகத்தில் ஒருவருக்கு நூறு ரூபாய்க்குள் முடிந்தது. காப்புத்தொகை திரும்பக் கிடைக்கும் பணம் என்பதால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். வேறு யாருடைய பரிந்துரைக் கையொப்பமேனும் தேவையா என்பதை முதல் நாளே கேட்டுவிட்டால், படிவத்தோடு மறுபடி அலைய வேண்டியிருக்காது.

அடுத்து, உங்கள் நூலகத்தின் வாசகர் வட்டம் இயங்குகிறதா என்று விசாரியுங்கள். பல ஊர்களில் அது பெயரளவில் மட்டுமே இருக்கும். தலைவர் ஊரை விட்டே போயிருப்பார். ஆனாலும் அந்தப் பெயர் மிகவும் பயன்படும். தனியாள் ஒருவர் அனுமதி கேட்பதைவிட, வாசகர் வட்டம் கேட்பது அலுவலகத்துக்கு எளிதாகப் புரியும். தூங்கிக் கிடக்கும் வட்டத்தை நூலகரின் ஒப்புதலோடு கூட்டி, தலைவரையும் செயலாளரையும் புதிதாகத் தேர்ந்து, அந்தத் தீர்மானத்தைக் குறிப்பேட்டில் எழுதி எல்லாரும் கையொப்பமிடுங்கள். இதற்கு ஒரு மாலை போதும். ஆயிரம் ரூபாய் செலுத்தி நூலகப் புரவலராகச் சேரவும் வழியிருக்கிறது. வசதியுள்ளவர்களைச் சேர்த்துவிடுவது நல்லது என்றாலும், நிகழ்ச்சி நடத்துவதற்கு அது கட்டாயம் அன்று.

2. திட்டத்தைக் கொண்டுபோகாதீர்கள், நூலகரோடு சேர்ந்து வகுங்கள்

நாங்கள் செய்த பெரிய தவறு இதுதான். எல்லாவற்றையும் வீட்டிலேயே முடிவு செய்து, தட்டச்சு செய்த நிகழ்ச்சி நிரலோடு நூலகர் முன்னால் போய் நின்றோம். பெரும்பாலான கிளை நூலகங்களில் ஒரே ஒருவர்தான் பணியில் இருப்பார். நூல் வழங்குவது, திரும்பப் பெறுவது, நாளிதழ் அடுக்குவது, பதிவேடு எழுதுவது, மாதாந்திர அறிக்கை அனுப்புவது எல்லாம் அந்த ஒருவர் பொறுப்பு. சில ஊர்களில் பக்கத்து நூலகத்தின் கூடுதல் பொறுப்பும் அவர் தலையில் இருக்கும். நிகழ்ச்சியில் ஒரு நூல் தொலைந்தாலும் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவரே. அவருக்குத் தெரியாமல் வகுத்த திட்டத்துக்கு அவர் தயங்கியதில் வியப்பில்லை. அந்தத் தயக்கத்தை நாங்கள் ஒத்துழையாமை என்று நினைத்து ஒரு மாதத்தைக் கழித்தோம். அதற்காக இன்றும் வருந்துகிறேன்.

கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்துப் போய் உட்கார்ந்து, மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எந்த நூல்கள் நெடுநாளாக வெளியே போகாமல் இருக்கின்றன? எந்த வயதினர் வருவதே இல்லை? நிகழ்ச்சியன்று உங்கள் வழக்கமான வேலை தடைபடாமலிருக்க நாங்கள் என்ன செய்ய வேண்டும்? எங்கள் நூலகர் இரண்டாம் கேள்விக்கு உடனே விடை சொன்னார். ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரையுள்ள பெண் குழந்தைகள் வருவதில்லை என்றார். எங்கள் திட்டம் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தால் மாறியது.

3. நாள் குறித்தல்

கிளை நூலகங்களுக்குப் பொதுவாக வார விடுமுறை வெள்ளிக்கிழமை; மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமையும் விடுமுறை. நாங்கள் பள்ளி, அலுவலகப் பழக்கத்தில் ஞாயிற்றுக்கிழமைதான் மூடியிருக்கும் என்று எண்ணி, வெள்ளிக்கிழமை மாலையைக் குறித்தோம். முந்நூறு நோட்டீசும் குப்பைக்குப் போனது. உண்மையில் ஞாயிறு நூலகம் திறந்திருக்கும் நாள் என்பதே நமக்குக் கிடைத்திருக்கும் பெரிய வசதி. பல நூலகங்கள் காலை ஒரு வேளை, மாலை ஒரு வேளை என்று இயங்கி நடுப்பகலில் பூட்டப்படும். கண்காட்சியை நாள் முழுவதும் திறந்துவைக்க வேண்டுமானால் அந்த இடைவேளைக்கும் சேர்த்தே அனுமதி கேட்க வேண்டும்.

நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வாரம். அப்போது துறையே நிகழ்ச்சிகளை ஊக்குவிப்பதால் அனுமதி எளிதில் கிடைக்கும். ஆனால் அது வடகிழக்குப் பருவமழைக் காலம் என்பதை மறக்கக் கூடாது. வாசலில் பந்தல் போட்டுக் கூட்டம் நடத்தும் எண்ணம் இருந்தால் அந்த வாரத்தைத் தவிருங்கள்; உள்ளேயே முடியும் சிறு கண்காட்சியென்றால் தாராளமாக வைக்கலாம். ஏப்ரல் 23 உலகப் புத்தக நாளில் பள்ளிகள் ஆண்டுத் தேர்வின் பரபரப்பிலோ விடுமுறையிலோ இருக்கும். நூலகவியலின் தந்தை எனப் போற்றப்படும் சீர்காழி எஸ். ஆர். அரங்கநாதன் பிறந்த நாளான ஆகஸ்ட் 12, நூலகர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. பள்ளி திறந்து இரண்டு மாதம் ஆகியிருக்கும், காலாண்டுத் தேர்வு தொடங்கியிருக்காது, பெரும்பாலான மாவட்டங்களில் அடைமழையும் இருக்காது. ஆகஸ்ட் 12ஐ ஒட்டி வரும் ஞாயிற்றுக்கிழமையே என் அனுபவத்தில் மிகவும் ஏற்ற நாள்.

தேர்தல் நடத்தை விதிகள் நடைமுறைக்கு வந்துவிட்டால், அரசுக் கட்டடத்தில் புதிய நிகழ்ச்சிகளுக்கு அனுமதி தர அலுவலர்கள் தயங்குவார்கள். உள்ளாட்சித் தேர்தலும் இதில் அடங்கும். தேர்தல் நெருங்கும் ஆண்டில் தேதியை முன்னுக்கு இழுத்துக்கொள்ளுங்கள். அறிவிப்பு வந்தபின் வாதாடிப் பயனில்லை.

4. அனுமதிக் கடிதம்

நாங்கள் முதலில் நூலகருக்கே கடிதம் எழுதினோம். நூலகத்துக்கு உள்ளே நாள்தோறும் நடப்பவை அவர் பொறுப்பு. ஆனால் வெளியார் கலந்துகொள்ளும் நிகழ்ச்சிக்கு அனுமதி தர வேண்டியவர் மாவட்ட நூலக அலுவலர். எனவே பெறுநர் மாவட்ட நூலக அலுவலர் என்றும், அதற்குக் கீழே ‘வழி: நூலகர், கிளை நூலகம்’ என்று ஊர்ப்பெயரோடும் எழுதுங்கள். ‘வழி’ என்ற அந்த ஒரு சொல் இல்லாததால், நேரே அனுப்பிய எங்கள் இரண்டாம் கடிதம், நூலகரின் கருத்தைக் கேட்டுத் திரும்ப ஊருக்கே வந்து, மூன்று வாரம் மேசை மேசையாகச் சுற்றியது.

கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். நாள், தொடங்கும் நேரம், முடியும் நேரம், எதிர்பார்க்கும் ஆட்களின் எண்ணிக்கை, கண்காட்சியின் பொருள், பேச்சாளரின் பெயர், செலவை வாசகர் வட்டமே ஏற்கும் என்ற உறுதி, கட்டணம் வசூலிக்கப்படாது என்ற உறுதி, நூல்களுக்கோ கட்டடத்துக்கோ சேதம் ஏற்பட்டால் ஈடு செய்வோம் என்ற உறுதி ஆகியவை இடம்பெற வேண்டும். அரசியல், சமய, வணிக நோக்கம் ஏதும் இல்லை என்று ஒரு வாக்கியம் தனியே எழுதுங்கள். கோப்பைப் படிக்கும் அலுவலர் முதலில் தேடுவது அதைத்தான். வாசகர் வட்டத் தீர்மானத்தின் நகல், பொறுப்பாளர் இருவரின் அடையாளச் சான்று நகல், நிகழ்ச்சி நிரல் ஆகிய மூன்றையும் இணையுங்கள்.

இரண்டு படிகள் எடுத்துச் சென்று, ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றதில் ‘பெறப்பட்டது’ என்ற முத்திரையையும் தேதியையும் வாங்கிக்கொள்ளுங்கள். மாவட்டத் தலைநகர் தொலைவென்றால் விரைவஞ்சலில் அனுப்பி ரசீதை வைத்திருங்கள். அறுபது நாள் முன்னதாகக் கொடுப்பது நல்லது. நாற்பத்தைந்து நாளுக்குக் குறையவே கூடாது. இரண்டு வாரம் கழித்து நேரில் ஒருமுறை போய்க் கேளுங்கள். தொலைபேசியில் கேட்டால் ‘கோப்பில் இருக்கிறது’ என்ற விடையே வரும். நேரில் போனால் எந்த மேசையில் இருக்கிறது என்பது தெரியும். எழுத்துப்பூர்வ அனுமதி கைக்கு வரும்வரை எதையும் அச்சடிக்காதீர்கள்.

ஒலிபெருக்கியை வெளியில் கட்டினால் காவல் நிலைய அனுமதி தனியாக வேண்டும். ஐம்பது பேர் உட்காரும் கூடத்தில் அதற்குத் தேவையே இல்லை. உள்ளே ஒரு சிறிய மைக் செட் போதும். சாலையோரம் பிளெக்ஸ் பலகை வைக்க உள்ளாட்சி அனுமதி வேண்டும். நாங்கள் அதைக் கைவிட்டு, நூலகச் சுற்றுச்சுவரின் உட்புறம் ஒரு துணிப் பதாகை கட்டினோம்.

5. செலவு

முதலில் போட்ட கணக்கு பதினாலாயிரம் ரூபாய். மேடை, பந்தல், பொன்னாடை, நினைவுப் பரிசு, மதிய உணவு என்று திருமண வீட்டுக் கணக்காக அது இருந்தது. கடைசியில் ஆன செலவு ரூ.5,170. வாடகை நாற்காலி நாற்பதுக்கு ரூ.320, தேநீருக்கும் சுண்டலுக்கும் ரூ.1,500, அட்டை, ஜெராக்ஸ், எழுதுபொருள் ரூ.600, துணிப் பதாகை ரூ.450, பேச்சாளரின் போக்குவரத்து ரூ.1,000, துப்புரவு செய்தவருக்கு ரூ.300, குழந்தைகளுக்குப் பரிசாக இருபது சிறு நூல்கள் ரூ.1,000. உங்கள் ஊரில் விலை ஏறியிறங்கும். ஆனால் எவற்றுக்குப் பணம் தேவை, எவற்றுக்குத் தேவையில்லை என்பது மாறாது.

வாசகர் வட்டத்தில் ஒருவரே பணத்தை வைத்திருக்க வேண்டும். செலவுச் சீட்டு இல்லாமல் அவர் ஒரு ரூபாயும் தரக் கூடாது. நூலகரின் கையில் எக்காரணம் கொண்டும் பணம் கொடுத்து வைக்காதீர்கள். அது அவருக்குத்தான் பின்னால் தொல்லை. நூலகத்துக்கே நன்கொடை தர விரும்புகிறவர் முறைப்படி செலுத்தி ரசீது பெறட்டும். நிகழ்ச்சிச் செலவோடு அதைக் கலக்க வேண்டாம். பதிப்பகக் கடை போட்டு நூல் விற்கும் எண்ணம் இருந்தால் அதையும் கடிதத்தில் கேட்டாக வேண்டும். நாங்கள் கேட்காமல் ஒரு விற்பனையாளரை வரச் சொல்லிவிட்டு, அன்று காலை அவரைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. வண்டி வாடகை கொடுத்து நூல் கட்டுகளோடு வந்தவர் அவர்.

6. எதைக் காட்சிக்கு வைப்பது

பேரேடு நிறைய நூல்கள் உள்ள இடத்தில் கண்காட்சிக்கென வெளியிலிருந்து நூல் கொண்டுவருவது தேவையற்றது. அந்த நூலகத்தின் அலமாரிக்குள்ளேயே ஊரார் பார்த்திராத கண்காட்சி ஒன்று இருக்கிறது. முதுகு மட்டும் தெரியும்படி நெருக்கி அடுக்கிய நூல்களை எடுத்து, முகப்பு தெரிய மேசையில் நிறுத்தினாலே பாதி வேலை முடிந்தது. நூலகர் ஒப்புதலோடு இருநூறு நூல்கள் வரை எடுங்கள். அதற்கு மேல் எடுத்தால் பார்ப்பவர் கண் களைத்துவிடும். எடுக்கும் ஒவ்வொரு நூலின் பதிவு எண்ணையும் தலைப்பையும் ஒரு தாளில் எழுதி, நூலகரும் நீங்களும் கையொப்பமிட்டு வைத்துக்கொள்ளுங்கள். மாலையில் திரும்ப அடுக்கும்போது அந்தத் தாள் இல்லாவிட்டால் இரவு பத்து மணி ஆகிவிடும்.

பாட வாரியாக அடுக்காமல், ஊரின் வாழ்க்கை வாரியாக அடுக்குங்கள். எங்கள் ஊர் நெசவும் நெல்லும் உள்ள ஊர். அதனால் துணி, சாயம், வடிவமைப்பு பற்றியவை ஒரு மேசை. நெல், பூச்சி, மண், ஆறு பற்றியவை ஒரு மேசை. சமையல், மருத்துவம், குழந்தை வளர்ப்பு ஒரு மேசை. பயணமும் அறிவியலும் பெண் குழந்தைகளுக்கென்றே ஒரு தாழ்வான மேசை. இப்படி வைத்ததால், ‘நான் படிக்கிறவன் இல்லையே’ என்று வாசலில் தயங்கிய நெசவாளர்கள் சாயமிடுதல் பற்றிய நூலின் முன் முக்கால் மணி நேரம் நின்றார்கள். அதில் ஒருவர், நூலில் சொன்ன அளவு ஓரிடத்தில் பிழை என்று காட்டி, சரியான அளவைச் சொன்னார். அதை ஒரு சீட்டில் எழுதி அவர் பெயரோடு அந்தப் பக்கத்துக்கு அருகில் வைத்தோம்.

நூல் தாங்கிகளுக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். பழைய அட்டைப் பெட்டியை ஒன்பது அங்குல அகலத்துக்கு வெட்டி, மூன்று மடிப்பாக முக்கோணமாக மடித்து, முன்னால் ஒரு விரல் அகல விளிம்பு விட்டால் நூல் வழுக்காமல் நிற்கும். பழைய நூல்களில் செல்லோ டேப் ஒட்டாதீர்கள். ரப்பர் பேண்ட் போடாதீர்கள். திறந்து வைத்த பக்கத்தின் மேல் கல்லோ கண்ணாடியோ வைக்காதீர்கள். ஓரம் உதிரும் நூலை மூடியபடி வைத்து, உள்ளே ஒரு பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். வெயில் நேராக விழும் சன்னலோர மேசை அன்று காலை வெறிச்சோடி இருக்கட்டும்.

விளக்கச் சீட்டுகளைப் பள்ளிக் குழந்தைகளைக் கொண்டு எழுதச் சொல்லுங்கள். இரண்டு வாக்கியம் போதும்: இந்த நூல் எதைப் பற்றியது, யார் படிக்கலாம். தமிழக அரசு நாட்டுடைமையாக்கிய எழுத்தாளர்களின் படைப்புகளிலிருந்து பத்திகளை எடுத்துப் பெரிய எழுத்தில் எழுதி மாட்டலாம். அவற்றுக்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. மற்ற படைப்புகளுக்கு எழுத்தாளர் மறைந்து அறுபது ஆண்டு வரை பதிப்புரிமை உண்டு என்பதால், முழுக் கதையையும் நகலெடுத்துப் பரப்பாதீர்கள். திரைப்படம் திரையிடும் யோசனை வந்தால், உரிமையாளர் அனுமதி இல்லாமல் வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நூலின் கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் தேதிச் சீட்டை எல்லாருக்கும் காட்டுங்கள். ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி, கடல் பயணம் பற்றிய தடித்த நூல் ஒன்றைப் புரட்டிவிட்டு, அந்தச் சீட்டில் கடைசியாக விழுந்திருந்த முத்திரை 1987 என்பதைக் கண்டு, ‘அதற்கப்புறம் யாருமே எடுக்கலையா?’ என்று கேட்டாள். விரலால் ஒவ்வொரு தேதியையும் தொட்டுக்கொண்டே மேலே போனாள். அன்று உறுப்பினராகச் சேர்ந்து அவள் எடுத்துச் சென்றது அந்த நூலைத்தான். புதிய முத்திரையை நூலகர் அவள் கையாலேயே குத்த வைத்தார்.

7. ஊராரிடமிருந்து பழம்பொருள் வாங்கி வைப்பதானால்

பழைய வார இதழ், திருமண அழைப்பிதழ், ஊரின் ஒளிப்படம், கணக்கு நோட்டு போன்றவற்றைக் கேட்டுப் பெற்று ஒரு மூலையில் வைத்தால் கூட்டம் அங்கேதான் மொய்க்கும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒப்புகைச் சீட்டு வேண்டும்: உடையவர் பெயர், பொருளின் விவரம், கிழிசல் உள்ளதா, வாங்கிய நாள், திருப்பித் தரும் நாள், இருவர் கையொப்பம். வாங்கும்போதே கைப்பேசியில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். விலை மதிப்புள்ளது என்று உடையவர் கருதும் பொருளை வாங்காமல், படம் மட்டும் எடுத்துக் காட்சிக்கு வையுங்கள்.

சிலை, செப்பேடு, ஓவியம், பழங்காசு என்று யாரேனும் ஆர்வத்தோடு கொண்டுவந்தால் பணிவாக மறுத்துவிடுங்கள். தொல்பொருள்களுக்கு 1972ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. நூறாண்டுக்கு மேற்பட்டவை அதன் கீழ் வரும், சிலைகள் போன்றவற்றைப் பதிவு செய்திருக்க வேண்டும். உங்கள் நல்லெண்ணம் அவரையும் நூலகரையும் சிக்கலில் மாட்டிவிடக் கூடாது. ஓலைச்சுவடி வைத்திருப்பவரிடம், அதை எண்ணெய் பூசித் தாமே துடைக்காமல், சுவடிப் பணியில் பயிற்சி பெற்றவர்களைக் கேட்கச் சொல்லுங்கள்.

8. பள்ளிகளும் பேச்சாளரும்

தலைமையாசிரியருக்கு ஒரு மாதம் முன்பே கடிதம் கொடுங்கள். பள்ளி நேரத்தில் குழந்தைகளை வெளியே அனுப்ப அவர் மேலிடத்தில் கேட்க வேண்டியிருக்கும். பெற்றோரின் ஒப்புதலும் வேண்டும். ஞாயிற்றுக்கிழமையென்றால் பெற்றோரே அழைத்து வருவார்கள், அதுவே நல்லது. தாய்மார்களும் உள்ளே வருகிறார்கள். சாலையைக் கடந்து வர வேண்டிய இடமென்றால் பெரியவர் ஒருவரை அங்கே நிறுத்திவையுங்கள்.

பேச்சாளரைத் தேடித் தொலைவுக்குப் போக வேண்டாம். பக்கத்து ஊர்க் கல்லூரி ஆசிரியர், கால்நடை மருத்துவர், ஓய்வுபெற்ற அஞ்சல்காரர் என நல்ல வாசகர் யாராக இருந்தாலும் பொருந்தும். நாற்பது நிமிடத்துக்கு மேல் பேச்சு வேண்டாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். மக்கள் பிரதிநிதிகளை அழைக்க நினைத்தால் அழைப்பிதழில் பெயர் வரிசை, நேர மாற்றம், காத்திருப்பு என்று வேலை வேறு திசைக்குப் போகும். முதல் நிகழ்ச்சிக்கு அது வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

9. ஒரு பக்கக் கற்றல் வளத் தாள்

வருகிறவர் கையில் கொடுத்தனுப்ப ஒரே ஒரு தாள் தயார் செய்யுங்கள். மேலே நூலகத்தின் திறக்கும் நேரமும் விடுமுறை நாளும் இருக்கட்டும். ஊரில் பாதிப் பேருக்கு அது தெரியாது. அடுத்து உறுப்பினராகத் தேவையான ஆவணங்களும் தொகையும். பிறகு வீட்டிலிருந்தே பயன்படுத்தக் கூடியவை: தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தமிழ் மின்னூலகத்தில் அரிய நூல்கள், பருவ இதழ்கள், நாட்டுடைமை நூல்கள் கட்டணமின்றிப் படிக்கக் கிடைக்கின்றன. கரக்பூர் ஐஐடி நடத்தும் இந்திய தேசிய மின் நூலகத்தில் மின்னஞ்சல் கொடுத்துப் பதிவு செய்தால் பள்ளிப் பாடம் முதல் ஆய்வு நூல் வரை தேடலாம். தன்னார்வலர்கள் தட்டச்சு செய்த பழந்தமிழ் இலக்கியங்கள் ‘மதுரைத் திட்டம்’ என்ற இணையத்தளத்தில் உள்ளன. அரசுப் பாடநூல்களும் இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளக் கூடியவையே. போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் ஆயிரக்கணக்கில் செலவழித்து வழிகாட்டி நூல் வாங்கும் முன், ஆறு முதல் பன்னிரண்டு வரையுள்ள பாடநூல்களையும், மாவட்ட மைய நூலகத்தின் போட்டித் தேர்வுப் பிரிவையும் பார்க்கச் சொல்லுங்கள்.

நடக்க முடியாத முதியவர்கள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்குத் தன்னார்வலர் மூலம் வீட்டுக்கே நூல் கொண்டு சேர்க்கும் நூலக நண்பர்கள் திட்டம் துறையில் இருக்கிறது. உங்கள் நூலகத்தில் அது நடைமுறையில் உள்ளதா என்று கேட்டு அதையும் தாளில் சேருங்கள். எங்கள் ஊரில் தன்னார்வலராகச் சேர முன்வந்தவர்கள் இருவரும் இந்தத் தாளைப் படித்துவிட்டு வந்தவர்களே.

10. அன்றைய நாள்

முந்தைய நாள் மாலையே மேசைகளைப் போட்டுவிடுங்கள். நூல்களைக் காலையில் வையுங்கள். வாசலுக்கு நேரே முதல் மேசையாக உறுப்பினர் சேர்க்கை மேசை இருக்க வேண்டும். நாங்கள் அதை மூலையில் வைத்திருந்தோம். முற்பகலில் மூன்று பேர்தான் சேர்ந்தார்கள். பன்னிரண்டு மணிக்கு அதை வாசலுக்கு நகர்த்தினோம், மாலைக்குள் இருபத்தெட்டுப் பேர் சேர்ந்தார்கள். ஆதார் நகல் இல்லாமல் வருகிறவர்களே அதிகம். அருகில் ஜெராக்ஸ் கடை ஞாயிறு திறந்திருக்குமா என்று முன்பே பாருங்கள். இல்லையென்றால் கையெழுத்திட்ட படிவத்தை மட்டும் வாங்கி, நகலைத் திங்கள்கிழமை கொண்டுவரச் சொல்லிப் பெயரையும் தொலைபேசி எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். சில்லறை ஐந்நூறு ரூபாய்க்கு மாற்றி வைத்திருங்கள்.

வழக்கமாக நாளிதழ் படிக்க வரும் பெரியவர்களின் இடத்தைப் பறிக்காதீர்கள். அவர்களுக்கு ஒரு மேசையை அப்படியே விட்டுவையுங்கள். அன்று அந்த நூலகத்தை நன்கறிந்தவர்கள் அவர்கள்தாம், கேட்டால் மகிழ்ச்சியோடு வழிகாட்டுவார்கள். குடிநீர், கழிப்பறை இரண்டையும் காலையிலேயே சரிபாருங்கள். கழிப்பறை பூட்டியிருந்தால் பெண்கள் அரைமணி நேரத்தில் கிளம்பிவிடுவார்கள்.

நூல் நன்கொடை தருகிறோம் என்று பலர் மூட்டையோடு வருவார்கள். பழைய வினாத்தாள் தொகுப்பும் கிழிந்த பாடநூலும் நூலகத்துக்கு உதவாது. நல்ல நூலையும் நேராக அலமாரியில் வைக்க முடியாது, அது பதிவேட்டில் ஏற வேண்டும். பெயர்ப் பட்டியல் வாங்கிக்கொண்டு, நூலகர் தேர்ந்தபின் கொண்டுவரச் சொல்லுங்கள்.

11. முடிந்த பிறகு

அன்று இரவே நூல்களைப் பதிவு எண் தாளோடு ஒப்பிட்டு அலமாரியில் திரும்ப வையுங்கள். இரவல் வாங்கிய பழம்பொருள்களை மூன்று நாளுக்குள் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்து, ஒப்புகைச் சீட்டில் கையொப்பம் பெறுங்கள். ஒரு வாரத்துக்குள், வந்தவர் எண்ணிக்கை, சேர்ந்த உறுப்பினர் எண்ணிக்கை, செலவுக் கணக்கு, நான்கு ஒளிப்படம் ஆகியவற்றோடு ஒரு பக்க அறிக்கையை மாவட்ட நூலக அலுவலருக்கு, மறுபடியும் நூலகர் வழியாகவே, அனுப்புங்கள். அதில் நூலகரின் உழைப்பைப் பெயரிட்டு எழுதுங்கள். அடுத்த அனுமதி எங்களுக்கு பன்னிரண்டு நாளில் வந்தது.

பிறகு, இரவல் தவணை முடியும் நாள் எது என்று நூலகரிடம் கேட்டு, அன்று மாலை நூலகத்தில் போய் உட்காருங்கள். கண்காட்சியன்று எடுத்துச் சென்ற நூல்கள் திரும்பி வரும் நாள் அது. முதன்முறையாக நூல் எடுத்தவர்களுக்குத் திருப்பித் தரவும் கூச்சம், அடுத்ததைக் கேட்கவும் கூச்சம். அந்த மாணவி கடல் பயண நூலை முடிக்காமல்தான் கொண்டுவந்தாள். தவணையை நீட்டிக்கலாம் என்பது அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. நூலகர் அதே சீட்டில் இன்னொரு தேதி குத்திக் கொடுத்தார்.